கூண்டு ஏற்றாத ஊரில் புயல்

(பள்ளிப்பட்டில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றில் பெயர்பெற்ற குளிர்காலப் புயல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "பள்ளிப்பட்டில் போய்ப் பனிப்புயலைப் பற்றிப் பேசப்போகிறாயா?" என்று சிரித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள வைக்கிற பனி, அவ்வளவுதான். ஆனால் குளிர்காலப் புயல் நமக்கும் உண்டு. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை, சில வருஷங்களில் தை பிறக்கும் வரை, வங்கக் கடலிலிருந்து கிளம்பி வருவதெல்லாம் அதுதான். நியூயார்க்கில் பனியாகக் கொட்டுவது இங்கே தண்ணீராகக் கொட்டுகிறது.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். எண்ணூர், சென்னை, கடலூர், நாகை, பாம்பன் என்று வரிசையாகப் படிப்பார்கள். ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்று வரை உண்டு. பத்தாம் எண் என்றால் பெரிய அபாயம், எல்லோருக்கும் தெரியும். அதற்கும் மேலே பதினொன்று எதற்கு? வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். காற்று எவ்வளவு வேகம், கடல் எவ்வளவு கொந்தளிப்பு என்பதையெல்லாம் தாண்டி, செய்தி வராமல் போவதைக் கடைசி எண்ணாக வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இன்று நான் சொல்லப்போகிற கதைகள் எல்லாம் அந்தப் பதினோராம் எண்ணைப் பற்றியவைதான்.

நம் ஊரில் கூண்டு கிடையாது. கடல் இல்லாத ஊருக்குக் கூண்டு எதற்கு என்பீர்கள். ஆனால் புயல் இங்கேயும் வருகிறது. கடற்கரையில் காற்று ஓய்ந்து, தொலைக்காட்சிக்காரர்கள் குடையை மடக்கிக்கொண்டு போன பிறகு, ஆற்று வழியாக வருகிறது.

இந்தப் புயல்கள் ஏன் இந்த மாதங்களில் அதிகம் வருகின்றன? கடல் மேற்பரப்பு ஏறக்குறைய 27 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூடு வங்கக் கடலில் ஆடி, ஆவணியிலும் இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழே ஒரு திசையிலும் மேலே நேரெதிர்த் திசையிலும் காற்று பலமாக வீசுவதால், சுழல் உருவாகி உயர எழும்ப முடியாமல் பிய்ந்துபோகிறது. ஐப்பசியில் அந்த இழுபறி தளர்கிறது. காற்று திசை மாறுகிறது, கடல் சூடு மாறாமல் இருக்கிறது. அப்புறம் என்ன, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்ப வேண்டியதுதான்.

இதை நம் கடலோடிகள் அறிவியல் இல்லாமலே அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரனும் கப்பல்களைப் பறிகொடுத்துப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டான். சென்னைக் கோட்டையின் கொடிமரத்தில் அக்டோபர் 15ஆம் தேதி கொடியை இறக்கினால் டிசம்பர் 15 வரைக்கும் ஏற்றமாட்டார்களாம். இந்த இரண்டு மாதமும் இங்கே நங்கூரம் போடாதே, வேறு இடம் பார்த்துக்கொள் என்று கப்பல்களுக்குச் சொல்லும் முறை அது. இங்கே ஒரு சின்ன விஷயம். சென்னைக் கரையை நெருங்கும் மாலுமிகள் கடலிலிருந்தே அடையாளம் பார்த்து வந்த மலைகளில் ஒன்று, நாம் வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் நகரி மலை. மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகட்டுக்கு 'நகரி மூக்கு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 15 தாண்டினால் பயமில்லை என்று நினைத்தவர்களுக்கு 1761 ஜனவரி முதல் தேதி பாடம் கற்பித்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த சமயம். கடலில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் வளைத்து நின்றன. புத்தாண்டு இரவில் வந்த புயலில் பல கப்பல்கள் போயின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோட்டைக்குள் பட்டினி கிடந்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு அது தெய்வம் அனுப்பிய உதவியாகத் தோன்றியது. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு உடனே கடிதம் எழுதினார்: கடல் காலி, என்ன விலை கொடுத்தாவது அரிசி அனுப்பு. அந்தக் கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது. சில நாட்களில் மிச்சக் கப்பல்கள் திரும்ப வந்து வளைத்துக்கொண்டன. ஜனவரி நடுவில் புதுச்சேரி விழுந்தது. ஒரு கடிதம் பழவேற்காடு போய்ச் சேர்ந்திருந்தால் தென்னிந்திய வரலாறே மாறியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். அரிசி வேண்டுமானால் போய்ச் சேர்ந்திருக்கும்.

1864இல் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல்கள் அழித்தன. மசூலிப்பட்டினத்தில் மட்டும் முப்பதாயிரம் பேர் கடல் பொங்கி இறந்ததாகக் கணக்கு. அந்த அடிக்குப் பிறகுதான் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடே தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது.

இப்போது தனுஷ்கோடிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

1964 டிசம்பர். நம் பள்ளிப்பட்டும் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து நான்கு வருஷம் முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அருகில் புயல் பிறப்பது அபூர்வம். 19ஆம் தேதிக்குள் கடும் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியா வழியாகக் குறுக்கே புகுந்து, பாக் நீரிணையைத் தாண்டி, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடிக்கு வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

தனுஷ்கோடி அன்று வெறும் மீனவக் குப்பம் அல்ல. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த துறைமுக ஊர். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்விடலாம். அந்த ஊருக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் இரவு 11.55க்குக் கிளம்பியது. பயணச்சீட்டு வாங்கியவர்கள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர். சீட்டில்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

தனுஷ்கோடிக்குச் சில நூறு கஜம் முன்னால் வண்டி நின்றது. கைகாட்டி விழவில்லை. மறுபக்கம் எங்கும் இருட்டு. ஓட்டுநர் காத்துப் பார்த்தார், நீளமாக ஊதினார், பிறகு துணிந்து வண்டியை எடுத்தார் என்றே இந்தக் கதையை இன்றுவரை சொல்கிறார்கள். அந்த நிமிஷத்தில் கடல் எழுந்து வந்து ஆறு பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனது. கைகாட்டி விழாததற்குக் காரணம், அதை இயக்க வேண்டிய நிலையமே அப்போது நீருக்குள் போய்க்கொண்டிருந்ததுதான். ரயில் போன விஷயம் வெளியுலகுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. தண்டவாளமும் இல்லை, தந்திக் கம்பியும் இல்லை. மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலை வைத்துத்தான் ரயில்வே தலைமையகமே அறிக்கை விட்டது. பதினோராம் எண் என்றேனே, அது இதுதான்.

அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,800 பேர் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தச் சமயத்தில் ராமேசுவரம் போயிருந்த திரை நட்சத்திரங்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. பாசஞ்சர் வண்டியில் போனவர்களின் பெயர்கள் அப்படி எந்த முதல் பக்கத்திலும் வரவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. அவற்றில் பலவற்றைக் கடலுக்கு அடியிலிருந்து தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை மீட்டார் ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளர். பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். தனுஷ்கோடியை மட்டும் மீட்க முடியவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

இதில் நாம் மட்டும் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். 1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வட கடலில் எழுந்த குளிர்காலப் புயல் நெதர்லாந்தின் கடல் தடுப்புக் கரைகளை உடைத்தது. 1,836 பேர் இறந்தார்கள். அந்நாட்டு வானிலைத் துறை முன்னமே எச்சரித்திருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே வானொலி நள்ளிரவோடு நின்றுவிடும். நாடு தூங்கியது, கடல் தூங்கவில்லை. அமெரிக்காவில் 1888 ஜனவரி 12 அன்று காலையில் இதமான வெயில் அடித்ததால் பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளில் பிற்பகல் திடீரென்று பனிப்புயல் இறங்கியது. இறந்த 235 பேரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர். அந்தப் புயலுக்கு 'பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மழை விடுமுறை உண்டா என்று தெரிந்துகொள்ள நம் பிள்ளைகள் வானிலை மையத்து ரமணன் தொலைக்காட்சியில் வருவாரா என்று காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதை வைத்து எவ்வளவோ கேலி செய்தோம். அந்த விடுமுறை ஏன் விடுகிறார்கள் என்பதற்கு இந்த 1888 கதை போதும்.

இனி ஒரு நல்ல கதை சொல்கிறேன். இதுவும் ரயில், இதுவும் டிசம்பர், இதுவும் இரவில் நடந்ததுதான். 2023 டிசம்பர் 17. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிளந்துகொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். 95 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 38 லட்சம் லிட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயிலில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அதற்கு மேலே விடவில்லை. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பயணிகள் இரண்டு நாள் அங்கே சிக்கிக் கிடந்தார்கள். குழந்தைக்குப் பால் இல்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சுற்றிலும் வெள்ளம். பக்கத்துக் கிராமத்தார், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்ற நிலையிலும், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது. ரயிலில் இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அப்போது தொலைக்காட்சியில் எல்லோரும் "இரண்டு நாள் தவித்தார்கள்" என்று சொன்னார்கள். எனக்கோ 653ஆம் எண் பாசஞ்சர்தான் ஞாபகம் வந்தது. அறுபது வருஷத்தில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கேட்டால், செயற்கைக்கோளையோ ரேடாரையோ காட்ட மாட்டேன். அந்த ஸ்ரீவைகுண்டம் நிலையத்துச் சிவப்பு விளக்கைக் காட்டுவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூத்துக்குடியில் பெய்த அந்த மழைக்குப் பெயர் கிடையாது. அது புயலே அல்ல, வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று கணக்கு, அப்போதுதான் பெயர் கிடைக்கும். தானே, வர்தா, கஜா, நிவர், மிக்ஜாம் என்று பெயர் வைத்து வந்தவற்றையெல்லாம் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிச் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயர் இல்லை. 1878இல் தொடங்கியதிலிருந்து நிற்காத 'தி இந்து' நாளிதழையே ஒரு நாள் அச்சேறவிடாமல் நிறுத்திய மழை அது. 2021 நவம்பரில் திருப்பதியை மிதக்கவிட்டு, கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் அன்னமய்யா அணையை உடைத்து, பாலாற்றில் நூறாண்டு காணாத வெள்ளத்தை அனுப்பியது ஒரு வெறும் தாழ்வு மண்டலம். பெயர் வைத்தால்தான் பயப்படுவோம் என்று இருந்தால் இந்த மூன்றிலும் நாம் பயந்திருக்கவே மாட்டோம்.

பாலாறு என்றதும் 1903 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் நவம்பர் 12 அன்று வாணியம்பாடியை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. இருநூறு பேர்வரை இறந்தார்கள், நினைவுத் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. வாணியம்பாடியில் பெய்த மழை மட்டும் அந்த வெள்ளத்துக்குக் காரணம் இல்லை. மேலே மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்தன. ஒரு ஏரி உடைந்த தண்ணீர் அடுத்த ஏரியில் பாய்ந்து அதையும் உடைக்கும். மேலே உடைந்தது கீழே இருந்தவர்களுக்குத் தெரிய, தண்ணீரே வர வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் கொசஸ்தலை ஆற்றுக்கும் தண்ணீர் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வருகிறது. கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் பெய்வதும், கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிடுவதும் நம் வழியாகத்தான் போக வேண்டும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலே ஏறும்போது சமவெளியைவிட அதிகமாகக் கொட்டுவது இயற்கை. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்துக் கோடி லிட்டர். மலைப்பாறை அதைக் குடிக்காது, அப்படியே இறக்கிவிடும். அந்தத் தண்ணீர் நம்மைக் கடந்து பூண்டிக்குப் போய், 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த நீர்த்தேக்கத்தை நிரப்பி, மிஞ்சியது எண்ணூரில் கடல் சேரும். சென்னைக்காரர்களுக்குப் பூண்டி திறக்கும்போதுதான் செய்தி. நமக்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. நெடியம், சாமந்தவாடா பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின என்ற செய்தியை நீங்கள் எத்தனை கார்த்திகையில் படித்திருப்பீர்கள்!

பொதட்டூர்பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர்களைக் கேளுங்கள், புயல் என்றால் என்ன என்று சொல்வார்கள். மழை பிடித்தால் பாவு காயாது, மின்சாரம் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். அதனால்தான் ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் பாலத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று வண்டியை இறக்குகிறார்கள். சோம்பேறித்தனத்தாலோ வீம்பாலோ யாரும் இறங்குவதில்லை, வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் இறங்குகிறார்கள். 1964இல் அந்த ஓட்டுநர் வண்டியை எடுத்ததும் அப்படித்தான் இருக்கும். பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற கடமைதான்.

ஆனால் தண்ணீர் நம் அவசரத்தைப் பார்க்காது. முழங்காலுக்குக் கீழே, ஒரு அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே ஆளின் காலை வாரிவிடும். இரண்டடி இருந்தால் காரையே தூக்கிவிடும், மோட்டார் சைக்கிளைச் சொல்லவே வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குக் கீழே பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்துத் தண்டவாளமும் தூரத்திலிருந்து பார்த்தால் நேராகத்தான் தெரிந்திருக்கும்.

ஆக என் வேண்டுகோள் இரண்டே. ஒன்று, அதிகாரிகளுக்கு. அணை திறக்கும் செய்தி சித்தூரிலிருந்து திருவள்ளூர் போய், அங்கிருந்து தாலுகா அலுவலகம் வந்து, ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தண்ணீரும் வந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் தெலுங்கும் தெரியும், அந்தப் பக்கம் தமிழும் தெரியும். அணையிலிருக்கும் ஊழியர் கைப்பேசியில் நேரடியாக ஆற்றங்கரைக் கிராமங்களுக்குச் சொல்லும்படி ஒரு ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, உங்களுக்கு. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரு பக்கமும் ஒரு கம்பம் நட்டு, அடிக்கணக்கில் கோடு போட்டு, ஒரு அடிக் கோட்டில் சிவப்பு அடித்து வையுங்கள். ராத்திரியில் தெரிகிற மாதிரி ஒரு விளக்கும் கட்டுங்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் யாராக இருந்தாலும், எம்.எல்.ஏ. வண்டியாக இருந்தாலும், நிறுத்துங்கள். முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே, பெயின்ட் அடிக்கிற வேலை உங்களுடையது. இந்த ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.